காரில் ஸ்கேனர் வைக்கலாமா? ஹாம் லைசென்ஸ் எதுவரை துணைக்கு வரும்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் நியூ ஜெர்சியில் வசிக்கிறார். வேலைக்காக அடிக்கடி நியூ யார்க்குக்குக் காரில் போகிறார். குளிர்காலத்தில் குடும்பத்தோடு ஃப்ளோரிடா வரை ஓட்டிப் போவதும் உண்டு. போலீஸ், தீயணைப்பு அலைவரிசைகளைக் கேட்க ஒரு கையடக்க ஸ்கேனர் வாங்கியிருக்கிறார். அண்மையில் தொடக்க நிலையான டெக்னீஷியன் தேர்வில் தேறி ஹாம் லைசென்ஸும் (பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுபவர்களுக்கான அமெச்சூர் ரேடியோ உரிமம்) வந்துவிட்டது. "ஹாம் லைசென்ஸ் இருந்தால் காரில் எந்த ரேடியோவும் வைத்துக்கொள்ளலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்களே, சரியா? மதுரையிலிருந்து மைத்துனர் வருகிறார், அவரிடம் இந்திய ஹாம் லைசென்ஸ் இருக்கிறது, அவருக்கும் இது பொருந்துமா?" என்று கேட்கிறார்.

நண்பர்கள் சொல்வது பாதிதான் சரி. எந்தப் பாதி என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அதைவிட முக்கியம், உங்கள் கையில் இருப்பது கேட்க மட்டுமே முடிகிற ரிசீவரா, ஹாம் அலைவரிசையில் பேசவும் முடிகிற டிரான்ஸீவரா என்பது. லைசென்ஸ் வாங்கிய உற்சாகத்தில் பலர் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலில் ஃபெடரல் சட்டம், அதாவது நாடு முழுவதற்கும் பொதுவான மத்திய சட்டம். அமெரிக்காவில் ஒரு ரேடியோ ரிசீவரை வாங்கவோ வீட்டில் வைத்துக் கேட்கவோ யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. கருவியை வைத்திருப்பதற்கே லைசென்ஸ் கேட்ட 1933-ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டத்தின் கீழ் இந்தியாவில் வளர்ந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். 1986-இல் அமெரிக்க காங்கிரஸ் கொண்டுவந்த மின்னணுத் தகவல்தொடர்பு அந்தரங்கச் சட்டம், பொதுமக்களுக்கு எளிதாக எட்டும் ரேடியோ பேச்சைக் கேட்பது குற்றமல்ல என்று தெளிவாகவே சொல்கிறது. போலீஸ், தீயணைப்பு, விமானம், கப்பல், ஹாம், சிபி (லைசென்ஸ் இல்லாமலே பொதுமக்கள் பேசும் ரேடியோ) என்று வகை வகையாகப் பெயர் சொல்லி அனுமதித்திருக்கிறது. ஆனால் குறியாக்கம் செய்த, அதாவது மற்றவர்களுக்குப் புரியாதபடி சங்கேதமாக மாற்றிய பேச்சு இந்த "எளிதாக எட்டும்" வகையில் வராது. நியூ யார்க் நகரப் போலீஸ் 2023-இலிருந்து தன் அலைவரிசைகளைக் குறியாக்கம் செய்யத் தொடங்கியிருக்கிறது. அதை உடைத்துக் கேட்க ஏதாவது வழி இருக்கிறதா என்று தேடாதீர்கள். அங்கே ஹாம் லைசென்ஸ் எந்த உதவிக்கும் வராது.

கேட்பது ஒன்று, கேட்டதை வைத்து என்ன செய்கிறோம் என்பது வேறு. 1934-ஆம் ஆண்டு தகவல்தொடர்புச் சட்டத்தின் 705-ஆம் பிரிவு இந்த இரண்டாவதைப் பற்றியது. நமக்கென்று அனுப்பப்படாத ரேடியோ பேச்சை இடைமறித்து வெளியிடுவதும், அதைத் தன் ஆதாயத்துக்குப் பயன்படுத்துவதும் குற்றம். தெரிந்தே செய்தால் 2,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. போட்டிக் கம்பெனியின் டிரைவர்களும் அலுவலகமும் பேசிக்கொள்வதைக் கேட்டுச் சவாரியைத் தட்டிப் பறிக்கும் டாக்ஸி நிறுவனத்தை இதற்கு உதாரணமாகச் சொல்வார்கள். ஹாம் பேச்சு, சிபி பேச்சு, ஆபத்தில் இருக்கும் கப்பல் அல்லது விமானத்தின் அழைப்பு போன்றவற்றுக்கு இந்தப் பிரிவில் விலக்கு உண்டு. போலீஸ் பேச்சு அந்த விலக்கில் இல்லை. ஆகவே காரில் கேட்டதை அப்படியே குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போடும் பழக்கம் வேண்டாம்.

செல்போன் விஷயத்தில் சட்டம் இன்னும் கடுமை. அந்தக் கால அனலாக் செல்போன்கள் 800 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் எந்த மறைப்பும் இல்லாமல் பேசின. சாதாரண ஸ்கேனரிலேயே அந்தப் பேச்சு விழும். அதனால் 1992-இல் சட்டம் போட்டு, 1994 ஏப்ரலிலிருந்து அந்த அலைவரிசைகளைப் பிடிக்கும் ஸ்கேனர்களைத் தயாரிப்பதையும் இறக்குமதி செய்வதையும் நிறுத்தினார்கள். ஆனால் ஏற்கெனவே விற்றுப்போன கருவிகள் மக்கள் கையில் இருந்தன. 1996 டிசம்பரில் ஃப்ளோரிடாவில் ஒரு தம்பதி காரில் போய்க்கொண்டிருந்தபோது அவர்களுடைய ஸ்கேனரில் ஒரு கூட்டுத் தொலைபேசி உரையாடல் விழுந்தது. பேசியவர்களில் அப்போதைய சபாநாயகர் நியூட் கிங்ரிச்சும் இருந்தார், பின்னாளில் சபாநாயகரான ஜான் பெய்னரும் இருந்தார். தம்பதி அதை டேப்பில் பதிவு செய்து காங்கிரஸ் உறுப்பினர் ஜிம் மெக்டெர்மாட்டிடம் சேர்த்தார்கள். 1997 ஜனவரியில் அது நாளிதழில் வெளிவந்தது. கேட்டுப் பதிவு செய்த தம்பதி குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆளுக்கு 500 டாலர் அபராதம் கட்டினார்கள். மெக்டெர்மாட் மீது பெய்னர் போட்ட வழக்கு பல ஆண்டுகள் நடந்து, கடைசியில் 60,000 டாலர் இழப்பீடும் அதற்கு மேலே வழக்குச் செலவும் அவர் தலையில் விழுந்தன. சாதாரண மனிதர்கள், கடையில் வாங்கிய ஒரு ஸ்கேனர், ஒரு கார்ப் பயணம். எது கேட்கலாம், எது கேட்கக் கூடாது என்று தெரியாமல் போனால் விஷயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, ஃபெடரல் சட்டம் போலீஸ் பேச்சைக் கேட்க அனுமதிக்கிறது என்றால், காரில் வைத்தால் மட்டும் என்ன தவறு? இங்கேதான் மாநிலச் சட்டங்கள் வருகின்றன. இதன் வேர் ரொம்பப் பழையது. டெட்ராய்ட் போலீஸ் 1928-இல் ரோந்துக் கார்களுக்கு ரேடியோவில் தகவல் சொல்ல ஆரம்பித்தது. முதலில் அது ஒருவழிதான். தலைமையகம் பேசும், காரில் இருக்கும் போலீஸ்காரர் கேட்பார், அவ்வளவே. அந்தக் காலத்துப் போலீஸ் அலைவரிசைகள் பல, வானொலி நிலையங்களின் மீடியம் வேவ் முடியும் இடத்துக்குச் சற்று மேலே இருந்தன. 1930-களில் விற்ற ரேடியோக்கள் பலவற்றில் முள்ளைக் கொஞ்சம் தள்ளினாலே போலீஸ் பேச்சு கேட்கும். திருடனுக்கும் கேட்கும். வீட்டில் உட்கார்ந்து கேட்பவரால் பெரிய ஆபத்தில்லை. காரில் கேட்டுக்கொண்டே தப்பி ஓடுகிறவன்தான் பிரச்சினை. ஆகவே மாநிலங்கள் வாகனத்தைக் குறிவைத்தன. மிச்சிகன் தன் 1931-ஆம் ஆண்டு குற்றவியல் சட்டத்திலேயே இதற்கு ஒரு பிரிவு வைத்தது.

அந்தச் சட்டங்கள் பலவும் நீங்கள் என்ன கேட்டீர்கள் என்று பார்ப்பதில்லை. கருவியால் போலீஸ் அலைவரிசையைப் பிடிக்க முடியுமா என்றுதான் பார்க்கின்றன. முடியும் என்றால், ரேடியோ அணைந்தே கிடந்தாலும் சிக்கல்தான். நாளடைவில் இது ஹாம்களைப் போய் முட்டியது. இன்று காரில் பொருத்தும் இரட்டை பேண்ட் (இரண்டு அலைவரிசைப் பகுதிகளில் இயங்கும்) ஹாம் ரேடியோ எதை எடுத்துக்கொண்டாலும், அதில் ஒரு பகுதியில் 144 முதல் 148 மெகாஹெர்ட்ஸ் வரை பேசும். ஆனால் கேட்பது ஏறக்குறைய 136-இலிருந்து 174 வரை இருக்கும். 150-க்கு மேலே போலீஸ், தீயணைப்பு, ஆம்புலன்ஸ், வானிலை அறிவிப்பு எல்லாம் அந்த எல்லைக்குள் வந்துவிடும். கேட்கும் எல்லை இப்படி அகலமாக இருப்பது கெட்ட எண்ணத்தால் அல்ல. ராணுவத்துக்குத் துணையாக இயங்கும் மார்ஸ் அமைப்பிலும், விமானப்படையின் தன்னார்வத் துணை அமைப்பான சிவில் ஏர் பேட்ரோலிலும் பங்கேற்கும் ஹாம்களுக்கு, ஹாம் எல்லைக்குச் சற்று வெளியே உள்ள அலைவரிசைகள் வேண்டும். புயல் நேரத்தில் வானிலை அறிவிப்பும் வேண்டும். ஆனால் சாலையோரத்தில் நிறுத்தி விசாரிக்கும் ஒரு போலீஸ்காரரின் கண்ணுக்கு அது போலீஸ் அலைவரிசை பிடிக்கும் பெட்டி. ரேடியோவைப் பறிகொடுத்து வழக்கில் மாட்டிய ஹாம்கள் உண்டு.

ஹாம்களின் தேசியச் சங்கமான ஏஆர்ஆர்எல் இதை எதிர்த்து 1989-இல், ரேடியோ லைசென்ஸ்களை வழங்கும் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசி-யிடம் மனு கொடுத்தது. 1993 செப்டம்பரில் எஃப்சிசி 93-410 என்ற எண்ணுள்ள ஆணை வந்தது. ஹாம் லைசென்ஸ் உள்ளவர் தன் ஹாம் டிரான்ஸீவரை வாகனத்திலோ வேறெங்கோ வைத்திருப்பதை, அது போலீஸ் போன்ற பிற சேவைகளின் அலைவரிசையையும் பிடிக்கும் என்ற ஒரே காரணத்துக்காகத் தடுக்கும் மாநில, உள்ளூர்ச் சட்டங்கள் ஃபெடரல் நோக்கத்துக்கு முரணானவை, அந்த அளவுக்கு அவை செல்லாது என்று அந்த ஆணை அறிவித்தது. என்னைக் கேட்டால், ஹாம்களுக்குக் கிடைத்த சட்டப் பாதுகாப்புகளில் நடைமுறையில் மிகவும் பயன்படுவது இதுதான். ஹாம் லைசென்ஸ் என்பது நாடு முழுவதற்கும் ஒன்று. மாநில எல்லையைத் தாண்டும்போதெல்லாம் ரேடியோவைக் கழற்றி டிக்கியில் போட வேண்டும் என்றால், வெள்ளத்திலும் சூறாவளியிலும் உதவிக்கு ஓடுகிறவர்கள் எப்படி ஓடுவார்கள்?

ஆனால் இந்த ஆணை பேசுவது டிரான்ஸீவரைப் பற்றி. கேட்க மட்டுமே முடிகிற ஸ்கேனருக்கு இது காவல் இல்லை. உங்கள் நண்பர்கள் தவறவிட்ட பாதி இதுதான். ஸ்கேனரைக் காரில் வைப்பது சரியா தவறா என்பதை அந்தந்த மாநிலச் சட்டத்தின் விதிவிலக்குதான் தீர்மானிக்கும்.

உங்கள் பாதையிலேயே பார்ப்போம். நியூ ஜெர்சியில் கவலை குறைவு. குற்றம் செய்யும்போதோ செய்துவிட்டுத் தப்பும்போதோ அவசரச் சேவை ரிசீவர் கையில் இருந்தால், அதைத் தனிக் குற்றமாக வைக்கும் வகைச் சட்டம் அங்கே. குற்றமில்லாமல் ஓட்டிப் போகிறவரை அது தொடாது. கலிஃபோர்னியா, வர்ஜீனியா ஆகியவையும் இந்த வழியில்தான் சிந்திக்கின்றன. மிச்சிகனும் 2006 வாக்கில் பழைய அனுமதி முறையைக் கைவிட்டு, குற்றத்துக்குப் பயன்படுத்துபவர்கள், அண்மையில் பெரிய குற்றத்தில் தண்டனை பெற்றவர்கள் ஆகியோரோடு தடையை நிறுத்திக்கொண்டது. இதுதான் நியாயமான பாதை என்பது என் கருத்து. கேட்கும் காதைத் தண்டிப்பதில் அர்த்தமில்லை.

ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தைத் தாண்டி நியூ யார்க்குக்குள் நுழைந்ததும் நிலைமை மாறுகிறது. அங்கே வாகனப் போக்குவரத்துச் சட்டத்தின் 397-ஆம் பிரிவு இருக்கிறது. போலீஸ் அலைவரிசை பிடிக்கும் ரிசீவரை வாகனத்தில் பொருத்துவதும், அப்படிப் பொருத்திய வாகனத்தைத் தெரிந்தே பயன்படுத்துவதும் உள்ளூர் நிர்வாகத்தின் அனுமதி இல்லாவிட்டால் குற்றம். 1,000 டாலர் வரை அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, சில சமயம் இரண்டும். ஹாம்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அதன் வாசகம் குறுகலானது. லைசென்ஸ் உள்ள ஹாம், தன் டிரான்ஸ்மிட்டரோடு சேர்த்து, ஹாம்களுக்கே பிரத்தியேகமாக ஒதுக்கிய அலைவரிசைகளில் இயக்கும் ரிசீவர் என்று போகிறது அது. அப்படியே எழுத்துக்கு எழுத்து படித்தால் இன்றைய ஹாம் ரேடியோக்களே அதில் முழுசாக அடங்காது. ஆனால் டிரான்ஸீவருக்கு 1993-ஆம் ஆண்டு ஆணை மேலே நின்று காக்கிறது. ஸ்கேனருக்கு அந்தக் காவலும் இல்லை, மாநில விலக்கும் இல்லை. பையில் கிடக்கும் கையடக்கக் கருவி "பொருத்தியது" ஆகுமா என்று நீதிமன்றத்தில் வக்கீல் வாதாடலாம். அந்த வாதத்தை நம்பி தினமும் வண்டி ஓட்ட நான் சொல்லமாட்டேன். நியூ யார்க் போகிற நாட்களில் ஸ்கேனரை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். ஹாம் ரேடியோ காரிலேயே இருக்கட்டும்.

ஃப்ளோரிடாவில் கதை வேறு. அங்கே 843.16 என்ற பிரிவு, போலீஸ், தீயணைப்பு அலைவரிசைக்கு ஏற்றபடி அமைந்த ரேடியோவை வாகனத்தில் பொருத்துவதையும் எடுத்துச் செல்வதையும் தடுக்கிறது. "எடுத்துச் செல்வது" என்று சொல்லியிருப்பதால் பையில் இருப்பதும் வந்துவிடும். பார்க்க நியூ யார்க்கைவிடக் கடுமை. ஆனால் விலக்குப் பட்டியலில் எஃப்சிசி தந்த செல்லுபடியாகும் ஹாம் லைசென்ஸ் வைத்திருப்பவர் என்று நேராகவே இருக்கிறது. அதாவது நியூ யார்க்கின் விலக்கு கருவியோடு கட்டிப்போட்டது, ஃப்ளோரிடாவின் விலக்கு ஆளைப் பார்த்துக் கொடுத்தது. லைசென்ஸ் உங்கள் பெயரில் இருக்கும்வரை உங்கள் ஸ்கேனருக்கும் அங்கே இடம் உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள். லைசென்ஸ் உங்களுடையது, உங்கள் மனைவியுடையது அல்ல. ஸ்கேனர் கிடக்கும் காரை அவர் தனியாக ஓட்டிப் போனால் அந்த விலக்கு அவரோடு போகாது. பயணம் போகும் குடும்பங்களில் இது சாதாரணமாக நடக்கக்கூடிய ஒன்று.

மேற்கே போகிறவர்கள் இண்டியானாவையும் கென்டக்கியையும் நினைவில் வைக்க வேண்டும். இண்டியானா சட்டம் காரோடு நிற்பதில்லை. வாகனத்தில் இயக்கக்கூடியது மட்டுமல்லாமல் ஆள் தூக்கிக்கொண்டு இயக்கக்கூடியதும் அங்கே "போலீஸ் ரேடியோ" தான். தெருவில் கையில் வைத்துக்கொண்டு நடந்தாலே மாட்டலாம். இரு மாநிலங்களிலும் ஹாம் லைசென்ஸ் உள்ளவருக்கு விலக்கு உண்டு, அதுவும் ஃப்ளோரிடா போல ஆளைப் பார்த்துத்தான்.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். வர்ஜீனியாவில் ஸ்கேனர் தடை என்று சிலர் பயமுறுத்துவார்கள். அங்கே வாகனத்தில் தடை செய்திருப்பது ரேடார் டிடெக்டர், அதாவது போலீஸின் வேகக்கண்காணிப்பைக் காட்டிக்கொடுக்கும் கருவி. வாஷிங்டன் டிசியிலும் அப்படித்தான். ஸ்கேனர் என்பது வேறு சமாச்சாரம். ஃப்ளோரிடா போகும் வழியில் காரில் ரேடார் டிடெக்டரும் இருந்தால் அதை முதலில் கழற்றி வையுங்கள்.

நடைமுறைக்கு வருவோம். எஃப்சிசி இப்போது காகித லைசென்ஸை வழக்கமாகத் தபாலில் அனுப்புவதில்லை. அதன் இணையதளத்தில் நுழைந்து நீங்களேதான் அச்சிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு பிரதி பர்ஸில், ஒரு பிரதி காரில். அதோடு 93-410 ஆணையின் பிரதியும், நீங்கள் போகும் மாநிலத்தின் சட்டப் பிரிவு அச்சிட்ட ஒரு தாளும் டேஷ்போர்டு அறைக்குள் இருக்கட்டும். கால் சைன் (ஒவ்வொரு ஹாமுக்கும் தரப்படும் அடையாளக் குறி) போட்ட நம்பர் பிளேட் கிடைத்தால் வாங்கிவிடுங்கள், நிறுத்துகிற போலீஸ்காரருக்கு நீங்கள் யார் என்பது அதிலேயே தெரிந்துவிடும். நிறுத்தினால் ரேடியோ ஒலியைக் குறைத்து, மைக்கைத் தொடாமல், கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். சட்டம் உங்கள் பக்கம் என்றாலும் சாலையோரத்தில் வழக்காட வேண்டாம். அதற்கு நீதிமன்றம் இருக்கிறது, வக்கீலும் இருக்கிறார். ஸ்கேனரில் விபத்துச் செய்தி கேட்டால் அந்த இடத்தைப் பார்க்கப் போகாதீர்கள். தீயணைப்பு வண்டிக்கு வழி மறித்து நிற்கும் ஹாம் ஒருவரால் மற்ற ஹாம்கள் எல்லோருக்கும் கெட்ட பெயர்.

அப்புறம், ரேடியோவை மாற்றியமைத்து ஹாம் எல்லைக்கு வெளியேயும் பேசவைக்கும் வேலையைச் சிலர் சொல்லித்தருவார்கள். நான் இதுவரை சொன்ன விலக்குகள் எல்லாம் கேட்பதற்கும் வைத்திருப்பதற்கும்தான். போலீஸ் அலைவரிசையில் மைக்கை அழுத்த எந்த ஹாம் லைசென்ஸும் அனுமதி தருவதில்லை. இண்டியானாவின் விலக்கு, போலீஸ் அலைவரிசையில் பேசாத ஹாமுக்கு மட்டும் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறது.

மைத்துனர் விஷயம். இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஹாம் லைசென்ஸைப் பரஸ்பரம் ஏற்கும் உடன்பாடு உண்டு. இந்தியக் குடிமகனாக இந்திய லைசென்ஸோடு வருகிறவர் தனியாக விண்ணப்பிக்காமலே இங்கே ஹாம் அலைவரிசைகளில் பேசலாம். தன் கால் சைனுக்கு முன்னால், தான் அப்போது இருக்கும் பகுதிக்கான குறியீட்டைச் சொல்ல வேண்டும். நியூ ஜெர்சியிலும் நியூ யார்க்கிலும் டபிள்யூ2, ஃப்ளோரிடாவில் டபிள்யூ4, அதன் பிறகு அவருடைய வியூ2 அல்லது வியூ3 கால் சைன். ஆனால் நியூ யார்க், ஃப்ளோரிடா சட்டங்களின் விலக்கு எஃப்சிசி தந்த லைசென்ஸ் என்று குறிப்பிட்டுச் சொல்கிறது. அவருடைய லைசென்ஸ் டெல்லியில் வழங்கியது. அதைக் காட்டி உங்கள் ஸ்கேனரோடு காரை ஓட்டும் சோதனையை அவர் செய்ய வேண்டாம்.

அவர் சில வாரம் தங்குவார் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. அமெரிக்க ஹாம் லைசென்ஸுக்குக் குடியுரிமை தேவையில்லை. வெளிநாட்டு அரசின் பிரதிநிதியாக இருக்கக் கூடாது, அமெரிக்காவில் ஒரு தபால் முகவரி வேண்டும், அதற்கு உங்கள் வீட்டு முகவரி போதும். டெக்னீஷியன் தேர்வில் 35 கேள்விகள், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. மோர்ஸ் (தந்திக் குறியீடு) தேர்வு 2007-இலேயே போய்விட்டது. எஃப்சிசி கட்டணம் 35 டாலர், லைசென்ஸ் பத்து ஆண்டு செல்லும். அது கைக்கு வந்தபின் அவர் இங்கே பரஸ்பர முறையை விட்டுவிட்டு அந்தக் கால் சைனில்தான் பேச வேண்டும். உங்களுக்குக் கிடைக்கும் அதே விலக்கு அவருக்கும் கிடைக்கும்.